அகழி இருந்த தெருவில் ஓர் அறை

சின்னமனூருக்குச் செப்பேடு உண்டு, அரண்மனை கிடையாது. சரித்திரப் புத்தகத்தில் சின்னமனூர்ச் செப்பேடுகள் என்று படித்திருப்பீர்கள். மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழில் கொண்டுவந்ததையும் சொல்வது அவற்றில் பெரிய செப்பேடு. அதைக் கொடுத்த பாண்டியன் ராஜசிம்மன் முதலாம் பராந்தகச் சோழனிடம் தோற்று இலங்கைக்கு ஓடினான். அங்கும் நிலைக்கவில்லை. மணிமுடியை இலங்கை மன்னனிடம் விட்டுவிட்டுத் தாய்வழி நாடான கேரளத்துக்குப் போய்ச் சேர்ந்தான். பராந்தகன் படை அனுப்பியும் அந்த முடி கைக்கு வரவில்லை. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து ராஜேந்திரன் போய்த்தான் எடுத்துவந்தான். எங்கள் ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த ராஜாவின் கிரீடத்துக்குத் தங்க இடம் கிடைத்தது, ராஜாவுக்குத்தான் கிடைக்கவில்லை.

ராத்திரி எங்கே தங்குவது என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் வேறு ரூபத்தில் வரும். "மதுரைக்குப் போறோம்ணே. மஹால், கோயில் எல்லாம் பாத்துட்டுத் திரும்பிரலாமா, ரூம் போடணுமா?" சின்னமனூரிலிருந்து தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரை ஆரப்பாளையம் நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். 2022 மே மாதத்திலிருந்து தேனிக்கும், 2023 ஜூனிலிருந்து போடிக்கும் அகலப்பாதை ரயில் ஓடுகிறது. காலையில் போய் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம்தான். ஆனால் அரண்மனை ஊரில் பார்க்க வேண்டியவை பகலோடு முடிவதில்லை. எங்கே தங்குவது என்பதற்கு என்னிடம் உள்ள பதில் இந்த ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

அரண்மனை ஊர் என்றால் அரண்மனையிலேயே தங்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அது ஏன் நடப்பதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. ராஜஸ்தானத்து ராஜாக்களுக்கு 1947 வரை நாடு இருந்தது. நாடு இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அரண்மனைகள் அவர்கள் கையிலேயே இருந்தன. ஜெய்ப்பூர் ராம்பாக் 1957-லேயே ஹோட்டலாயிற்று. உதயப்பூரில் பிச்சோலா ஏரிக்கு நடுவே 1740-களில் கட்டிய ஜக் நிவாஸ் 1963-இல் ஹோட்டலாகத் திறந்தது. 1971-இல் மன்னர் மானியமும் ஒழிந்தபோது, கூரை ஒழுகும் நூறு அறைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு விருந்தாளிதான் விடை என்று மற்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. ஜோத்பூர் உமைத் பவனில் ஒரு பகுதி மன்னர் குடும்பத்துக்கு, ஒரு பகுதி அருங்காட்சியகத்துக்கு, மீதி ஹோட்டலுக்கு.

மதுரையில் இப்படிப் பங்குபோட ஆளும் இல்லை, வீடும் இல்லை. மஹால் என்று நாம் சொல்லும், திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய அரண்மனையைப் பேரன் சொக்கநாத நாயக்கரே உடைத்து, கழற்ற முடிந்ததையெல்லாம் திருச்சிக்குக் கொண்டுபோனார். 1736-இல் நாயக்கர் ஆட்சியே போயிற்று. 1860-களின் கடைசியில் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு மராமத்துப் பார்த்திராவிட்டால் மிச்சமும் போயிருக்கும். பிறகு 1970 வரை அங்கே ஜில்லா கோர்ட்டு நடந்தது. இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது பழைய அரண்மனையில் கால்வாசி இருக்கும். தொலைந்த முக்கால்வாசி எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்துக்குள் போய்ப் பாருங்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, மேலே தாங்குவதற்கு எதுவும் இல்லாமல், பத்துக் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் நிழலில் சேலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு மஹாலைவிட இந்தச் சந்துதான் நாயக்கர் காலத்தை நன்றாகச் சொல்கிறது.

தஞ்சாவூரில் 1855-இல் கடைசி மராட்டிய ராஜா ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனையில் சரஸ்வதி மகால் நூலகமும் கலைக்கூடமும் இருக்கின்றன. புதுக்கோட்டை ராஜா 1948-இல் நாட்டை ஒப்படைத்தார். அவருடைய புது அரண்மனை இன்று கலெக்டர் ஆபீஸ். தமிழ்நாட்டில் ஹோட்டலான அரண்மனை என்று உடனே நினைவுக்கு வருவது ஊட்டி ஃபெர்ன்ஹில்ஸ். அதுவும் நம் ராஜா கட்டியதல்ல, மைசூர் மகாராஜாவின் கோடை வாசம்.

அரண்மனைக்குள் ஹோட்டல் வந்தால் நன்மையா என்பது வேறு விவகாரம். ஸ்பெயினில் 1928-இலிருந்து அரசே பழைய கோட்டைகளையும் மடங்களையும் விடுதிகளாக நடத்துகிறது. கிரனடாவில் அல்ஹம்ப்ரா வளாகத்துக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. அங்கே கட்டடம் பொதுச் சொத்து, வருமானம் பராமரிப்புக்கு. உதயப்பூர் ஏரி அரண்மனையிலோ ரூம் போடாதவர் கரையில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். மஹால் ஹோட்டலாகாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. பத்து ரூபாய், இருபது ரூபாய் டிக்கெட்டில் உசிலம்பட்டிப் பள்ளிப் பிள்ளைகள் தூணைக் கட்டிப்பிடித்துக் கை எட்டாமல் சிரிக்கும் இடம் அது, அப்படியே இருக்கட்டும்.

அப்படியானால் அந்தக் காலத்தில் வெளியூர்க்காரன் எங்கே படுத்தான்? சத்திரத்தில், சாவடியில், கோயில் மண்டபத்தில். அரண்மனை ஊரில் ராத்திரி தங்குவதற்கு நம்மிடம் இருந்த ஏற்பாடு சத்திரம்தான். 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆண்ட ராணி மங்கம்மாளை இன்றும் ஜனங்கள் நினைப்பது போருக்காக அல்ல, சாலைக்கும் சத்திரத்துக்கும்தான். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது. அவரைக் கடைசியில் அரண்மனையிலேயே சிறைவைத்துப் பட்டினி போட்டார்கள் என்று ஒரு கதை மதுரையில் வழங்குகிறது. சரித்திரமோ இல்லையோ, ஊருக்கெல்லாம் சோறு போட்டவள் அரண்மனைக்குள் சோறில்லாமல் செத்தாள் என்று சொல்லிவைத்த ஜனங்களின் கணக்கு எனக்குப் பிடிக்கும். அவருடைய தமுக்கம் அரண்மனைதான் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம்.

சத்திரத்தில் என்னதான் கிடைத்தது என்பதற்கு நல்ல சாட்சி தஞ்சாவூரில் இருக்கிறது. ராமேசுவர யாத்திரைப் பாதை நெடுக மராட்டிய அரசர்கள் சத்திரம் கட்டினார்கள். பெரும்பாலும் அரச குடும்பத்துப் பெண்கள் பெயரில். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயரில் ஒன்று, ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி தன் காதலி முக்தாம்பாள் நினைவாகக் கட்டியது ஒன்று. 1799-இல் கம்பெனி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. சத்திரங்களையாவது என்னிடம் விடுங்கள் என்று சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் சத்திரத்துக் காரியங்களை விவரமாகச் சொல்கிறார். எல்லாச் சாதியாருக்கும் சாப்பாடு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும் தனியாகக் கொடுக்கப்பட்டன. காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் வைத்தியர் இருந்தார். வழியில் நோய்ப்பட்டவர் குணமாகும்வரை தங்கலாம். அங்கே பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பிரசவம் பார்த்து, மூன்று மாதம்வரை ஆகாரமும் மருந்தும் கொடுத்தார்கள். இத்தனையும் ஒரு வழிப்போக்கனுக்கு, காசில்லாமல். இன்றைக்கு எந்த ஐந்து நட்சத்திர ஹோட்டல் விளம்பரத்திலும் இவ்வளவு நீளமான பட்டியலை நான் பார்த்ததில்லை.

சத்திரம் என்றாலே தங்கமான காலம் என்று எழுதிவிடவும் மனம் வரவில்லை. சரபோஜி சொன்னபடி எல்லாச் சத்திரமும் நடந்துவிடவில்லை. யாருக்கு உள்ளே இடம், யாருக்குத் திண்ணை, யாருக்குத் தெரு என்று ஊருக்கு ஊர் கோடு போட்டிருந்தார்கள். அவரவர் சாதிக்கு அவரவர் சத்திரம் என்று கோயில் ஊர்களில் இன்றும் பலகைகள் தொங்குவது அதன் மிச்சம். நல்ல விதத்தில் பார்த்தால் அது அமைப்பின் பலம்: காசியில் நகரத்தார் சத்திரம் 1813-இலிருந்து நடக்கிறது. கெட்ட விதத்தில் பார்த்தால், சத்திரம் இல்லாத சாதிக்காரன் கோயில் வாசலில் படுத்தான், 1939 ஜூலை 8 வரை மதுரையில் பலருக்குக் கோயிலுக்குள்ளும் வழியில்லை. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடை, உணவகத்தோடு ஹோட்டலையும் சேர்த்துச் சொல்வது சும்மா இல்லை. காசு கொடுத்தால் யாருக்கும் அறை என்ற லாட்ஜ் வந்தது ஒருவகையில் விடுதலை. லாட்ஜை இளக்காரமாகப் பேசுகிற பெரிய மனிதர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மதுரையில் அந்த லாட்ஜுகள் எங்கே முளைத்தன என்று பாருங்கள். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேலவெளி வீதி, டவுன் ஹால் ரோடு. 1840-களை ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன், மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் சொன்னார். மண் அள்ளிக் கொட்டும் வேலையை நடத்திய மேஸ்திரி பெருமாளின் பெயரும், அளவெடுத்த மாரட் துரையின் பெயரும் புதிதாக உண்டான தெருக்களுக்கு வந்தன. 1875-இல் ரயில் வந்தபோது நிலையம் கோட்டைக்கு வெளியே, மேற்கே அமைந்தது. ரயிலை விட்டு இறங்கியவன் கோயிலைப் பார்த்து நடக்கும் வழியில் குறுக்கே வருவது இந்தத் தூர்த்த அகழி. அங்கேதான் லாட்ஜ் வரும், வேறெங்கே வரும்? இன்றும் மதுரையில் ரூம் போடுகிறவர்களில் பாதிப்பேர் நாயக்கரின் அகழிக்கு மேலேதான் படுக்கிறார்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். எங்கே தங்குவது என்பதைக் கட்டடத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள், மணியை வைத்து முடிவுசெய்யுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. மீனாட்சி கோயில் விடியற்காலை 5 மணிக்குத் திறக்கிறது, மதியம் நடை சாத்தி மாலை 4 மணிக்கு மறுபடி திறக்கிறது. இரவு 9 மணிக்கு மேல் பள்ளியறை பூஜை: சொக்கர் பல்லக்கில் அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்குப் போகிறார். ஓதுவார் பாட்டு, சாமரம், மல்லிகை வாசம், கூட்டமில்லாத பிரகாரம். மதுரையில் பார்க்க வேண்டிய ஒரே ஒரு காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மஹால் மாலையில் மூடி, ஒலி ஒளிக் காட்சி நடக்கும் நாட்களில் இரவில் மறுபடி திறக்கும். ஆங்கிலக் காட்சி முதலில், தமிழ்க் காட்சி அதற்குப் பிறகு. ஆக, நமக்கு உரியது எல்லாமே எட்டு மணிக்கு மேல். ஆரப்பாளையத்துக்குப் போய்க் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவருக்கு இதில் எதுவும் வாய்க்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது, செல்போனில் போட்டோ நன்றாக இருக்கிறதே என்று ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை பிடித்தேன். ஜன்னல் திரை, பட்டன் அமுக்கினால் வரும் வெந்நீர், எல்லாம் சரி. பூஜை முடிந்து வெளியே வர மணி பத்தாகிவிட்டது. கோயிலுக்குள் 2018 முதல் செல்போன் கூடாது என்பதால் செருப்பு, போன் இரண்டையும் வாங்க ஒரு வரிசை. அப்புறம் ஆட்டோக்காரரோடு பேரம். அவர் கேட்ட தொகை பெரியம்மாவுக்கு எங்கள் ஊர் வாழைத்தார் விலையை ஞாபகப்படுத்தியது. காலையில் ஐந்து மணி நடைதிறப்புக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "போக்குவரத்துக்கே அம்புட்டுன்னா வேணாம்ப்பா" என்று திரும்பிப் படுத்துவிட்டார். அந்த அறையின் வாடகை பெரியதல்ல. நான் இழந்தது அந்த விடியற்காலை.

அடுத்த முறை அகழித் தெருவில் போட்டோம். மரக்கட்டையில் கோத்த சாவி, நீள நோட்டில் பெயர், ஊர், வந்த காரணம். காரணம் என்ற கட்டத்தில் பெரியம்மா எழுதச் சொன்னது "சாமி". ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் ஒரு முழத்தில். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டுவரைதான். கீழே பூரி மசால் கடை. ஐந்து மணிக்கு இருட்டோடு நடந்து கோயிலுக்குள் இருந்தோம், யானையைக் குளிப்பாட்டிக் கூட்டிவரும் நேரம். அந்தச் சுவரைப் பற்றி இதுவரை பெரியம்மா ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

இதற்காக வெளியே இருக்கும் ஹோட்டல்களுக்குப் போகவே கூடாது என்பதில்லை. கார் வைத்திருப்பவர், குழந்தைகளோடு இரண்டு மூன்று நாள் இருப்பவர், உள்ளூர்ச் சத்தம் தாங்காதவர் ஆகியோருக்கு அது தோது. பசுமலையில் வெள்ளைக்கார மில் முதலாளிகள் காலத்து பங்களா ஹோட்டலாக இருக்கிறது. கோச்சடையில் இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் வடிவமைத்த மில் கிளப் இன்று ஹோட்டல். அந்தக் கருங்கல் சுவரையும் ஆலமரத்தையும் பார்க்கவே ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம். அரசின் தமிழ்நாடு ஹோட்டல் மேலவெளி வீதியிலும் அழகர்கோயில் ரோட்டிலும் உண்டு. மாட்டுத்தாவணிப் பக்கம் தங்குவது விடியக்காலை தெற்கே பஸ் ஏறுகிறவருக்குச் சரி. நம் பக்கத்து ஆட்களுக்கு ஆரப்பாளையம்தான் வாசல், அதனால் மாட்டுத்தாவணி நமக்கு ஊரின் தப்பான முனை.

ரூம் போடும்போது கேட்க வேண்டியதில் முதலாவது, இருபத்துநாலு மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்பது. ராத்திரி பத்துக்கு வந்து மறுநாள் பன்னிரண்டுக்குக் கிளப்பிவிட்டால் முழு வாடகைக்குப் பாதி நாள்தான். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. சொல்லும் வாடகை வரியோடா வரியில்லாமலா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒன்றாகத் தங்குவதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று கைவிரிக்கும் லாட்ஜ்களுக்கு இது இன்னும் எட்டவில்லை. சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி, இந்த விதி எதுவும் செல்லாது. அப்போது மதுரையில் சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடிதான் ஐந்து நட்சத்திரம்.

மற்ற ஊர்களுக்கும் இந்த மணிக் கணக்கு பொருந்துகிறது. மைசூரில் ஞாயிறு மாலை அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு எரியும். பார்த்துவிட்டு நடந்தே அறைக்குத் திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்டியில் தலதா மாளிகைக்கு எதிரிலேயே குவீன்ஸ் ஹோட்டல் இருக்கிறது. எசல பெரஹரா ஊர்வல நாட்களில் வீதியைப் பார்த்த ஜன்னலுக்குத் தனி விலை. கண்டியைக் கடைசியாக ஆண்டவர்கள் மதுரை நாயக்க வம்சத்தோடு கொண்டு கொடுத்தவர்கள் என்பதால் அது நமக்கு அந்நிய ஊருமல்ல. பத்மநாபபுரம் குமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில் உள்ள அரண்மனை. அதை ஒட்டித் தங்குவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை, நாகர்கோவிலில் தங்கிப் போவதுதான் வழக்கம். ராத்திரியில் அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஆகவே தூரமாக இருந்தாலும் பாதகமில்லை. செட்டிநாட்டில் மட்டும் கணக்கு மாறுகிறது. காரைக்குடி, கானாடுகாத்தான், கடியாபட்டி ஊர்களில் நகரத்தார் வீடுகள் சிலவற்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். அங்கே வீடுதான் பார்க்க வேண்டிய பொருள். வளவில் மழை கொட்டுவதை இரவில் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதற்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை.

மதுரையில் சரித்திரத்தில் பதிந்த ஒரு ராத்தங்கல் உண்டு. 1921 செப்டம்பர் 21 இரவு காந்தி மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கினார். மறுநாள் காலை சட்டையை விட்டு, அரையில் ஒற்றை வேட்டியோடு வெளியே வந்தார். கீழே இப்போது கதர்க் கடை இருக்கிறது. அரண்மனை எதுவும் அவரை அழைத்ததாகத் தெரியவில்லை. பிறகு அவருடைய அருங்காட்சியகத்துக்குத்தான் அரண்மனை கொடுத்தார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் அரண்மனை வேண்டுமென்றால் போடிதான். ஜமீன் அரண்மனைச் சுவரில் ராமாயண ஓவியங்கள் உண்டு. ஆனால் அது குடும்பம் வைத்திருக்கும் வீடு, டிக்கெட் வாங்கும் இடமல்ல, கதவைத் தட்டுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். மேகமலைக்குப் போகிறவர்கள் சின்னமனூரில் இறங்கி, பதினெட்டு வளைவு ஏறுமுன் ஓரிரவு இங்கே தங்குகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதும் இதே மணிக் கணக்குதான்: மலைக்கு விடியக்காலை ஏறுங்கள், அதனால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் படுங்கள்.

சுற்றுலாத் துறைக்கு ஒரு வேண்டுகோள். புது விடுதிக்கு நிலம் தேடுவதற்கு முன், ராமேசுவரம் பாதையில் இடிந்தும் இடியாமலும் நிற்கும் சத்திரங்களைக் கணக்கெடுங்கள். ஒன்றிரண்டையாவது பழுதுபார்த்து, குறைந்த வாடகைக்கு, யாருக்கும் திறந்துவிடுங்கள். பாம்புக்கடிக்கு வைத்தியர் வேண்டாம், சுத்தமான கழிப்பறையும் இரவு பத்து மணிக்குச் சாப்பாடும் போதும். மதுரைக்குப் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு: அறைக்குப் போன் போட்டால், கோயிலிலிருந்து நடந்து வர எத்தனை நிமிஷம் என்று முதலில் கேளுங்கள். அப்புறம், பத்மநாபபுரம் போவதாக இருந்தால் ஞாயிறு ராத்திரி நாகர்கோவிலில் தங்காதீர்கள். திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை.